மைக் செருகாத மேடை

கொஞ்சம் ஆறப்போட்டு எழுதலாம் என்று இரண்டு வருடம் காத்திருந்தேன். ஆறவில்லை. அதனால் சூட்டோடு சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்லூரியில் விளக்கு அணைந்தாலும், மின்விசிறி முனகினாலும், முதல்வர் அறையின் ஏசி தண்ணீர் கொட்டினாலும் எல்லோர் வாயிலும் வருகிற ஒரே பெயர் ஃப்யூஸ் அக்கா. அவரைவிட மூத்த பேராசிரியர்கள்கூட 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பௌதிக ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளர். நாற்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய கைகள். நீல அங்கியின் பையில் ஒரு டெஸ்டரும் ஒரு சீப்பும் எப்போதும் இருக்கும். கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். கணவரின் தங்கையும் அவர்களோடுதான் இருந்தாள். முன்னறையில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை, பள்ளிச் சீருடை எல்லாம் தைப்பாள். நான் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவன். என்னை எல்லோரும் 'டைப்பு' என்பார்கள்.

ஆய்வகத்துக்கு அடுத்த அறை இசைத்துறையின் பயிற்சி அறை. நடுவில் இருந்தது பலகைத் தடுப்புதான். அங்கே வாரத்தில் மூன்று நாள் ஒருவர் வந்து மாணவர்களுக்கு டிரம்ஸ் வாசித்துக் காட்டுவார். கல்யாண வரவேற்புகளிலும் ஹோட்டல்களிலும் வாசிக்கிறவர். வாய் ஓயாது, பட்டப்பெயர் டமாரம். அக்கா பதினெட்டு வருடம் அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து அவரைக் கேட்டிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு, இது சனிக்கிழமை வாசிப்பா, முந்தின நாள் தூங்காதவன் வாசிப்பா என்று சொல்லிவிடுவார்.

தேர்வுக்கூடத்தின் பழைய மின்பூட்டுகள் இருபத்தைந்தைக் கழற்றிக் குப்பைக்கு அனுப்பச் சொன்ன நாளில்தான் இது ஆரம்பித்தது. அக்கா ஒரு பூட்டில் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். 'டக்' என்று உள்ளே இருந்த கம்பி எட்டிக் குதித்தது. பக்கத்து அறையில் டமாரம் வாசித்துக்கொண்டிருந்தார். அக்கா சுவிட்சை அவர் தாளத்தோடு தட்டினார். பூட்டும் கூடவே தாளம் போட்டது.

"அன்னிக்கு நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன் டைப்பு," என்று பின்னால் என்னிடம் சொன்னார். "நான் தட்டாமலே இது தட்டினா எப்படி இருக்கும்னு நெனச்சேன். அவ்வளவுதான். மூணரை வருஷம் போச்சு."

உடைந்த புத்தக அலமாரியின் இரும்புச் சட்டங்களை அறுத்து, அரத்தால் ராவி, ஒவ்வொன்றும் ஒரு சுரம் சொல்லும்படி இருபத்தைந்து பட்டைகள் செய்தார். பூட்டுக் கம்பிகளின் நுனியில் குட்டிச் சுத்தியல்கள் வைத்தார். இரும்பில் இரும்பு அடித்தால் காது கிழிந்தது. நாத்தனார் பழைய கம்பளியை வெட்டி, இருபத்தைந்து சுத்தியலுக்கும் தொப்பி தைத்துக் கொடுத்தாள். "ஊர்ல எல்லாரும் மனுஷனுக்குத் தைக்கறாங்க. எங்க அண்ணி என்னைச் சுத்தியலுக்குத் தைக்க வெச்சிட்டாங்க," என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகப் புலம்பினாள். கேட்பதற்கு ஒரு மைக், யோசிப்பதற்கு யாரோ கைவிட்ட ஒரு கம்ப்யூட்டர். மைக்கில் சத்தம் விழுந்தால் மினுக்குகிற மாதிரி ஒரு சிவப்பு விளக்கையும் வைத்தார்.

எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் பொருத்தி முடித்ததும் அக்கா டமாரத்தைக் கூப்பிட்டார். அவர் மேசையில் நான்கு தட்டுத் தட்டினார். பெட்டி அதே நான்கைத் திருப்பித் தட்டியது.

"அக்கா, இது கிளி," என்றார் அவர். "நான் பேசறதையே திருப்பிப் பேச எனக்கு வீட்ல ஆள் இருக்கு."

ஆறு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டார். இப்போது பெட்டி தானாகச் சுரம் சேர்த்தது, அவர் வேகத்தைக் கவனித்துப் பின்தொடர்ந்தது. ஆனால் விசித்திரமாக ஒன்று நடந்தது. பெட்டி தனக்காகத் தயங்குகிறது என்று நினைத்து அவர் வேகத்தைக் குறைத்தார். அவர் குறைக்கிறாரே என்று பெட்டி குறைத்தது. நாலு நிமிடத்தில் இரண்டு வாசிப்பும் தேய்ந்து தேய்ந்து நின்றே போயின.

டமாரம் குச்சியை மடியில் போட்டுச் சிரித்தார். "வாசல்ல நின்னு 'நீங்க முதல்ல போங்க, நீங்க முதல்ல போங்க'ன்னு ரெண்டு பேரு சொல்லிக்கிட்டே இருந்தா, யாருமே வீட்டுக்குள்ள போக முடியாதுக்கா. இதுக்குக் கொஞ்சம் திமிர் வேணும்."

அக்கா பெட்டியில் ஒரு திருகு வைத்தார். அதன் மேல் தன் கையால் 'பிடிவாதம்' என்று எழுதி ஒட்டினார். இடப்பக்கம் திருகினால் பெட்டி எதிராளி சொன்னபடி கேட்கும். வலப்பக்கம் திருகினால் தன் வழியில் போகும். எங்கே நிறுத்துவது என்று கண்டுபிடிக்க இரண்டு பேரும் வாரக்கணக்கில் சண்டை போட்டார்கள். "இன்னும் கொஞ்சம் வலது." "போதும், அப்புறம் அது உங்க மாமியார் ஆயிடும்." தடுப்புக்கு அந்தப் பக்கம் வகுப்பு எடுக்கிற வயலின் டீச்சர் சத்தம் தாங்காமல் ஒருநாள் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் வயலினை எடுத்துவந்து உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து மூவரும் பெட்டியும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் வாயை மூடக் கற்றுக்கொடுத்தது. கேட்கிறதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது பெட்டி. எப்போது சும்மா இருப்பது என்பதை எப்படிப் புரோகிராமில் எழுதுவது? அக்கா ஒன்பது மாதம் அதிலேயே கிடந்தார். டமாரமும் டீச்சரும் பெட்டியோடு வாசித்த நூற்றுக்கணக்கான மணி நேரத்தைப் பதிவு செய்து, டமாரம் எந்த இடத்தில் கையை எடுக்கிறார், டீச்சர் எதற்காக வில்லைத் தூக்குகிறார் என்று நொடி நொடியாகக் குறித்தார். ஒருநாள் மத்தியானம் நான் அலுவலகக் கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு போனபோது டமாரமும் டீச்சரும் பெட்டியோடு வாசித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வயலினில் ஒரு நீண்ட இழுப்பு இழுத்தார். பெட்டி பேசவில்லை. விளக்கு மட்டும் மினுக்கியது. இழுப்பு அடங்கிய பிறகு, கீழ்ச் சுரம் ஒன்றை ஒரே ஒரு தடவை தொட்டது. எனக்கு இசை தெரியாது. கோப்பைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டேன்.

அதுவரைக்கும் பௌதிகத் துறைத்தலைவருக்கு இப்படி ஒரு பெட்டி இருப்பது ஞாபகமே இல்லை. நல்ல பேச்சாளர், நல்ல சட்டைகள். கல்லூரியின் அறுபதாவது ஆண்டு விழாவுக்கு வித்தியாசமாக ஏதாவது வேண்டும் என்று முதல்வர் கேட்டதும் ஆய்வகத்துக்கு வந்தார், கேட்டார், அரை மணி நேரத்தில் 'நம்ம பெட்டி' என்று பேச ஆரம்பித்தார். அடுத்த வாரமே அழைப்பிதழ் என் மேசைக்கு வந்தது. "துறைத்தலைவர் உருவாக்கிய, மனிதக் கலைஞர்களோடு மேடையிலேயே கற்பனை செய்து வாசிக்கும் உலகத் தரமான இயந்திரக் கலைஞர்." அக்காவின் பெயர் எங்கும் இல்லை. தட்டச்சு செய்தது நான்தான். அதை மறைக்கப் போவதில்லை. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

ஒத்திகைக்கு அவரே வந்து உட்கார்ந்தார். நடுவில் பெட்டி ஒன்றரை நிமிடம் சும்மா இருந்தது.

"என்னம்மா இது, செத்துப் போச்சா?"

"கேட்டுக்கிட்டு இருக்கு சார்."

"விருந்தாளிங்க முன்னாடி இப்படி ஊமையா நின்னா என் மானம் போயிடும்."

"சும்மா இருக்கறதும் வாசிப்புதான் சார். டமாரம் அண்ணன் கூட அப்பப்ப சும்மாதான் இருக்கார், அவரைச் செத்துட்டாருன்னா சொல்றோம்?"

அவர் சிரித்தார். "சரி சரி, பாத்துக்கலாம்" என்றார்.

பார்த்துக்கொண்டார். விழாவுக்கு முந்தின நாள் அக்காவைப் பந்தலுக்கு விளக்கு போட அனுப்பினார். வெளியிலிருந்து ஓர் இன்ஜினியரை வரவழைத்து, பழைய ஒத்திகையில் பெட்டி நன்றாக வாசித்த எட்டு நிமிடத்தை அப்படியே திருப்பி அடிக்கும்படி மாற்றிவைத்தார். வயலின் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, அதற்கு ஏற்றபடி வாசிக்கச் சொன்னார். டமாரத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு மேடையில புதுசா எதுவும் வேணாம், அன்னிக்கு வாசிச்ச மாதிரியே வாசிங்க" என்றதோடு சரி.

விழா மாலை நான்கு மணிக்கு. அரங்கு நிரம்பியிருந்தது. அக்கா மூன்றாவது வரிசையில், நாத்தனார் தைத்த புது ரவிக்கையில். பக்கத்தில் கணவர், நாத்தனார், நான். வாசிப்பு தொடங்கியது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அக்கா என் கையைப் பிடித்தார்.

"விளக்கு எரியல டைப்பு."

"என்ன விளக்கு?"

"சிவப்பு விளக்கு. அதுக்குக் காது இல்ல. மைக்கைச் செருகவே இல்ல."

எழுந்திருக்கப் போனவரைக் கணவர் பிடித்து உட்காரவைத்தார். அந்த நேரத்தில்தான் டமாரத்தின் கால் பெடல் உடைந்தது. தகடு ஒன்று தெறித்து மேடை ஓரத்தில் விழுந்தது. அவர் வாசிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்தார். உண்மையான பெட்டியாக இருந்திருந்தால் அதுவும் நின்றிருக்கும், அல்லது அவர் எழும்வரை மெல்லத் தாங்கிப் பிடித்திருக்கும். ஆய்வகத்தில் எத்தனையோ தடவை அப்படிச் செய்திருக்கிறது. இது கலகலவென்று போய்க்கொண்டே இருந்தது. வாசிக்காத மேளத்துக்குப் பதில் சொன்னது. வயலின் டீச்சர் தலையைக் குனிந்து, வில்லை மட்டும் பார்த்தபடி கூடவே ஓடினார். டமாரம் பெட்டியைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்ததை இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டு ஆட்கள் தன்னை விட்டுவிட்டு வண்டியேறிப் போவதைப் பார்க்கிறவர் மாதிரி இருந்தார்.

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. துறைத்தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"பாத்தீங்களா? மனுஷன் கை நின்னு போச்சு. நம்ம மெஷின் நிக்கல!"

அரங்கமே சிரித்தது. டமாரம் உடைந்த தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். மறுநாள் பத்திரிகையில் அதே வாக்கியம் தலைப்பாக வந்தது. கூடவே அவர் குனிந்து நிற்கிற படம். இரண்டு ஹோட்டல்காரர்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். எவன் வாயிலிருந்தோ வந்த ஒரு பொய், முப்பது வருடம் தப்பில்லாமல் வாசித்தவனின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

அக்கா மறுநாள் காலை துறைத்தலைவர் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனார். நான் வெளியே நின்றேன். உள்ளே பேசியது முழுக்கக் கேட்டது.

"பொய் சொல்ல வெச்சிட்டீங்களே சார்."

"மெஷினுக்கு ஏதும்மா பொய்யும் உண்மையும்? இந்த மாதிரி விழாவுல எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்க."

"அப்ப டேப்பு ரிக்கார்டரை வெச்சிருக்கலாமே? மூணரை வருஷம் நான் எதுக்குக் கண்ணு முழிச்சேன்? அது கேக்கும். அது ஒண்ணுதான் அதோட பெருமை. நீங்க காதைப் புடுங்கிட்டு, கேக்குது கேக்குதுன்னு ஊரைக் கூட்டிட்டீங்க. அந்த மனுஷனை மேடையில வெச்சு அவமானப்படுத்திட்டீங்க."

"உணர்ச்சிவசப்படாதீங்க. இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

நீட்டியது ஓர் அறக்கட்டளைக்கான அறிக்கை. கண்டுபிடிப்புகளுக்கு ஆண்டுதோறும் விருது கொடுக்கிற அறக்கட்டளை அது. 'விழா மேடையில் இயந்திரம் முன்கூட்டிய பதிவு எதுவும் இன்றித் தானே வாசித்தது' என்று ஒரு வரி. அதன் கீழே தொழில்நுட்ப உதவியாளரின் கையெழுத்துக்கு இடம்.

அக்கா அந்தத் தாளை மடித்து, அவர் மேசையிலேயே, அவருடைய தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் கணவர்தான் முதலில் பயந்தார். "போட்டுத் தொலைச்சுடேன். வேலை போயிட்டா?" நாத்தனார் தையல் மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "போடாதீங்க அண்ணி. போட்டீங்கன்னா இனிமே உங்களுக்கு ஒரு பொத்தான்கூடத் தைக்க மாட்டேன்."

மூன்று நாளில் ஆணை வந்தது. 'நிர்வாக வசதிக்காக' அக்காவைத் தளவாடக் கிடங்குக்கு மாற்றியிருந்தார்கள். ஆய்வகச் சாவியைப் பறித்துக்கொண்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் அந்த ஆய்வகத்தில் எரிந்த ஒவ்வொரு விளக்கையும் எரியவைத்தவர், ஜன்னல் இல்லாத அறையில் உடைந்த நாற்காலிகளுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தார். பார்க்கப் போனவர்களிடம் அழவில்லை. "எல்லாம் மூணு கால் நாற்காலி. நம்ம துறைக்கு ரொம்பப் பொருத்தம்," என்றார்.

கையெழுத்து இல்லாமலே அறிக்கை போய்விட்டது. ஐந்து வாரம் கழித்து, அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. புதன்கிழமை, காலை பதினொன்று. அந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர்க்க வேண்டியவன் நான். கோப்பில் சேர்ப்பதற்கு முன் கிடங்குக்கு எடுத்துப் போனேன். அழைப்பிதழுக்கு அதுதான் நான் செய்த பரிகாரம். போதுமா என்று தெரியாது.

புதன்கிழமை பதினொன்றேகாலுக்கு அக்கா நீல அங்கியோடு ஆய்வகத்துக்குள் நுழைந்தார். பின்னால் டமாரம், சவரம் செய்த முகத்தோடு, வெறும் கையோடு. பெட்டி அந்த எட்டு நிமிடத்தை முடித்துக்கொண்டிருந்தது. வயலின் டீச்சர் கூட வாசித்துக்கொண்டிருந்தார். குறிப்பெடுக்க என்னையும் உட்காரவைத்திருந்தார்கள். வந்த மூவரில் தலைவியாக இருந்தவர் கண்ணாடி போட்ட ஓர் அம்மா.

"இது யாரு?" என்றார் அந்த அம்மா.

"கிடங்குல வேலை பாக்கறவங்க. தெரியாம வந்துட்டாங்க," என்றார் துறைத்தலைவர்.

"தெரிஞ்சுதாம்மா வந்தேன்," என்றார் அக்கா. "இதைச் செஞ்சவ நான். ஒரே ஒரு வேண்டுகோள். நீங்க கை தட்டுங்க. எப்படி வேணா."

அந்த அம்மா சந்தேகத்தோடு மெதுவாக மூன்று தட்டுத் தட்டினார். துறைத்தலைவர் வேறு வழியில்லாமல் பெட்டியை ஓடவிட்டார். கலகலவென்று அதே வாசிப்பு. அடுத்தவர் வேகமாகத் தட்டினார். மறுபடி முதலிலிருந்து அதே கலகல. மூன்றாமவர் தட்டவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு துறைத்தலைவரைப் பார்த்தார்.

"இன்னிக்கு ஏதோ கோளாறு..." என்று ஆரம்பித்தார் அவர்.

"கோளாறு இல்ல சார், உங்க ஏற்பாடு," என்றார் அக்கா. மைக்கைச் செருகினார். தன் புரோகிராமின் பிரதி ஒன்றைச் சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். யாரும் தடுக்கவில்லை. சிவப்பு விளக்கு மினுக்கியது. "அண்ணே, வாங்க."

டமாரம் மேசையின் முன் உட்கார்ந்து விரல்களால் தட்ட ஆரம்பித்தார். பெட்டி பேசவில்லை. அரை நிமிடம். ஒரு நிமிடம். துறைத்தலைவரின் உதட்டில் ஒரு சிரிப்பு முளைத்தது. நான் குறிப்பெடுப்பதை நிறுத்தினேன். அக்கா மட்டும் அசையவில்லை.

அப்புறம் இரண்டு சுரம். டமாரம் புருவத்தைத் தூக்கினார், தட்டை மாற்றினார். பெட்டி அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு இடத்தில் பட்டவர்த்தனமாகத் தப்பாக இறங்கியது. அபசுரம் என்று எனக்கே தெரிந்தது. டமாரம் "அட!" என்று சிரித்து, வேண்டுமென்றே அந்தத் தப்பின் மேலேயே இன்னொரு தட்டுப் போட்டார். பெட்டி திரும்ப அங்கேயே வந்து, இந்த முறை அதை வழியாக்கிக்கொண்டு மேலே ஏறியது. மேடையில் கேட்ட எட்டு நிமிடம் அளவுக்கு அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உயிரோடு இருந்தது. கண்ணாடி அம்மா, தான் கை தட்டுவது தெரியாமலே தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பெட்டி அதற்கும் ஒரு பதில் வைத்தது.

முடிந்ததும் வயலின் டீச்சர் நடைபாதையில் அக்காவைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஓய்வு பெற ரெண்டு வருஷம்தான் இருக்கு அக்கா. என்னால என்ன பண்ண முடியும்? தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவாயில்லன்னு நான் சொல்லணும்னு எதிர்பாக்கறீங்க," என்றார் அக்கா. "சொல்ல மாட்டேன் டீச்சர். அந்த அண்ணன் கீழ குனிஞ்சப்ப உங்க வில்லு ஒரு நிமிஷம் நின்னிருக்கலாம். அதுக்கு ஓய்வூதியத்தையா புடுங்கியிருப்பாங்க?"

இதற்குப் பிறகு நியாயம் நடந்தது என்று எழுத ஆசைதான். அறக்கட்டளை விருதைக் கொடுக்கவில்லை. 'விண்ணப்பத்தில் முரண்பாடு' என்று இரண்டு வரி எழுதியது. துறைத்தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறே மாதத்தில் வேறொரு கல்லூரிக்கு முதல்வராகப் போனார். வழியனுப்பு விழாவில் மாலை, சால்வை எல்லாம் உண்டு. பத்திரிகை ஒன்பதாம் பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் போட்டது. அதிலும் டமாரத்தின் பெயர் தப்பு. அக்காவுக்கு மீண்டும் 'நிர்வாக வசதிக்காக' ஆய்வகச் சாவி திரும்பி வந்தது. வருத்தம் என்ற சொல்லோ, தவறு என்ற சொல்லோ எந்தத் தாளிலும் இல்லை.

அக்கா அந்தச் சொல்லைக் கேட்டுக் கடிதம் எழுதினார். டமாரத்திடம் கல்லூரி எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்கவேண்டும், அதைப் பத்திரிகைக்கும் அனுப்பவேண்டும் என்று. பதில் இல்லை. இன்னொன்று எழுதினார். "விடுங்கக்கா, எனக்கே மறந்து போச்சு," என்றார் டமாரம். "உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கல. என் பெட்டியை வெச்சுத்தானே உங்களை அடிச்சாங்க," என்றார் அக்கா.

இப்போது தபால் நிலையத்துக்கு மேலே இருக்கிற சிறிய கூடத்தில், மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகலில், அக்கா கொண்டுவருகிற பெட்டியோடு டமாரம் வாசிக்கிறார். இது புதுப் பெட்டி. கல்லூரிப் பெட்டி கல்லூரியிலேயே இருக்கிறது. நாற்பது பேர் வருவார்கள். நாத்தனார் வாசலில் நின்று செருப்புகளை ஒழுங்குபடுத்துவாள். புதிதாக வருகிறவர்களிடம் சுத்தியல் தொப்பியின் கதையைச் சொல்லுவாள். ஹோட்டல்காரர்களில் ஒருவர் திரும்பக் கூப்பிட்டார். டமாரம் போகவில்லை.

போன வாரம் அக்கா என் மேசைக்கு வந்து ஆறாவது கடிதத்தின் கைப்பிரதியை வைத்தார். எங்கள் கல்லூரிக்கு வந்திருக்கிற புது முதல்வருக்கு. "நல்லாத் தெளிவா அடிச்சுக் குடு டைப்பு. 'பணிவுடன்'னு மட்டும் போட்டுடாத," என்றார். போடவில்லை.